பின்வருவோர்க்கு ஓர் இடம்

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பது பரவலாக வழங்கும் பெயர் விளக்கம். அந்த ஏரியின் மிகைநீரே சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிளியூரில் ஏறத்தாழ 300 அடி அருவியாக வீழ்கிறது. நீரும் நிழலும் நிறைந்த மலைதான். ஆயினும் வண்டிச்சாலை வருமுன், இம்மலையில் சொந்த வீடில்லாத ஒருவர் ஓர் இரவைக் கழிக்க எங்கே போயிருப்பார்?

சேர்வராயன் மலையின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் வீட்டுக்காரர்களின் வரலாறு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த டேவிட் காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். தோட்டங்களைத் தொடர்ந்து வெள்ளையரின் வீடுகள் எழுந்தன. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு விவிலியத்தை மொழிபெயர்த்தவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவருமான பீட்டர் பெர்சிவல் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அவருடைய மருமகன். அவரும் முதுமையில் இங்கே வாழ்ந்தார். அவர் பெயர் பொறித்த நினைவுக்கல் ஏற்காட்டுத் தேவாலயத்தில் உள்ளது. வீடு உடையவர்க்குக் கல்லிலேனும் ஒரு பெயர் எஞ்சுகிறது. ஓரிரவு தங்கிச் சென்றவர்க்கு அதுவும் இல்லை.

சமவெளியில் இக்கேள்விக்கு விடை இருந்தது: சத்திரம். ராணி மங்கம்மாள் (1689-1706) காலத்துச் சாலைகளையும் சத்திரங்களையும் தென்பாண்டி நாடு இன்றும் நினைவுகூர்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தை எழுப்பினார். வழிப்போக்கருக்குக் கட்டணமின்றிச் சோறும் கூரையும் தந்த அறம் அது. பந்தியில் சாதி வரிசை இருந்ததையும் மறைப்பதற்கில்லை.

மலைக்கும் காட்டுக்கும் வந்து சேர்ந்ததோ வேறொரு கட்டடம்: பங்களா. வங்காளத்து வீட்டு அமைப்பைக் குறித்த சொல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு, சாலைகளில் ஒரு நாள் பயணத் தொலைவுக்கு ஒன்றாகப் பயணியர் பங்களாக்களைக் கட்டியது. பயணியைக் குறிக்கும் அரபுச் சொல்லான முசாபிர் தமிழில் ‘முசாபரி பங்களா’ என வழங்கிற்று. 1882இன் சென்னை வனச்சட்டத்திற்குப் பின் காடுகள் வனத்துறையின் ஆளுகைக்குள் வரவர, வன ஓய்வு விடுதிகளும் பெருகின. குதிரைக்கும் ஆளுக்கும் தண்ணீர் வேண்டுமாதலால் இவை நீர்நிலைகளை ஒட்டியே அமைவது இயல்பு. பின்னாளில் நீலகிரியின் முக்குருத்தி ஏரிக்கரையில், டிரவுட் மீன்பிடிக்கச் செல்வோர்க்கென ஒரு குடிலே எழுந்தது.

இந்தப் பங்களாக்களின் விதிகளுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. ஒருவர் இருபத்துநான்கு மணிநேரம் தங்கலாம். அதன்பின் புதிதாக ஒருவர் வந்தால், முன்னவர் இடம் விட வேண்டும். முந்தியவருக்கே உரிமை என்பது உலக வழக்கு. இங்கோ பிந்தியவருக்கு உரிமை.

இதே நெறியைத் தொலைதூரப் பின்லாந்திலும் காண்கிறோம். அந்நாட்டின் வடபகுதிக் காடுகளில் பூட்டில்லாத, கட்டணமில்லாத மரக்குடில்கள் பல உள்ளன. கடைசியாக வருபவருக்கே அங்கே முதலிடம். முன்பே வந்து களைப்பாறியவர் இடம் தர வேண்டும். புறப்படும்போது அடுத்தவருக்காக விறகு பிளந்து வைத்துச் செல்வதும் வழக்கம். அலாஸ்காவின் ஏரிக்கரைகளில் அமெரிக்க வனத்துறை வைத்திருக்கும் பொதுக்குடில்கள் முன்பதிவுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டவை. ஆயினும் அங்கும் காவலரோ சமையற்காரரோ இல்லை. தங்குபவரே பெருக்க வேண்டும், விறகு வெட்ட வேண்டும்.

தமிழ் படித்தவர்க்கு இந்நெறி புதிதன்று. ‘விருந்து’ என்ற சொல்லின் முதற்பொருளே புதுமை. புதுவகை யாப்பைத் தொல்காப்பியம் விருந்து என்கிறது. புதிதாக வந்தவர் விருந்தானதும், அவருக்கு இட்ட உணவு விருந்தானதும் பிற்பாடே. ஆக, பின்வருபவருக்கே முன்னுரிமை என்பது நம் சொல்லுக்குள்ளேயே உறைந்திருக்கும் அறம்.

எனில், நம் பங்களாக்களில் அது ஏன் வேர்கொள்ளவில்லை? புதிதாக வரத்தக்கவர் யார் என்பதை அதிகாரம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது என்பதே என் விடை. நடைமுறையில் அங்கே தங்கியோர் பெரும்பாலும் ஐரோப்பியர். ஆய்வு மாளிகைகளில் பணிநிமித்தம் வரும் அதிகாரிக்கே முதலிடம். விடுதலைக்குப் பின் ‘பயணியர் மாளிகை’ என்று பெயர் தமிழாயிற்று. மாளிகை என்ற சொல்லின் தோரணை மட்டும் மாறவில்லை. சத்திரத்தில் சாதி செய்ததைப் பங்களாவில் பதவி செய்தது. சுமை தூக்கி மலையேறியவரும் அடுப்பு மூட்டியவரும் அக்கூரையின் கீழ் விருந்தினராகக் கருதப்பட்டதே இல்லை.

இத்தனைக்கும் இம்மலையின் மலையாளி மக்களே தம்மை வந்தேறியவர்களாகத்தான் சொல்லிக்கொள்கின்றனர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்களுள் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், மற்றவர்கள் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது அவர்தம் மரபுக்கதை. மலையில் முன்வந்தவர், பின்வந்தவர் என்ற வேறுபாடு எத்தனை தற்காலிகமானது என்பதை அக்கதை உணர்த்துகிறது.

இன்று ஏற்காட்டில் பணம் கொடுத்துத் தங்க அறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பணம் கொடுத்துப் பெற்ற அறையைப் பின்வருபவருக்காக யாரும் காலி செய்வதில்லை. செய்யச் சொல்வதும் முறையன்று. அதனாலேயே பொதுவிடம் ஒன்று தேவைப்படுகிறது. காட்டில் ஒரு பொதுக்குடில் என்பது மலிவான அறை அன்று. முகம் தெரியாத ஒருவர் நமக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்ற நினைவோடு ஓரிரவு தங்கப் பழகும் இடம். கட்டடங்களைக் கட்டுவது அரசுக்கு எளிது. அந்தப் பழக்கத்தை நாம்தாம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.