வேட்டிக்கு மேல் கோட்டு

ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் கட்டினால் கையில் கிடைத்த கோட்டை மாட்டிக்கொள்வதில்லை. இடுப்புக்கு முன்னால் தொங்கும் தோல் பை மறையக்கூடாது என்பதால் கில்ட் கோட்டின் நீளம் குறைவு. பகலில் ட்வீட், இரவு விருந்துக்குக் கறுப்பு 'பிரின்ஸ் சார்லி'.

நம்மூரிலும் இப்படி ஒரு கணக்கு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை மாகாணத்து வக்கீல்கள் பலர் பஞ்சகச்சம், கழுத்து மூடிய நீளக் கோட்டு, தலைப்பாகை என்று உடுத்தினார்கள். வெள்ளைக்காரன் ஆபீசில் வேட்டிக்கு மரியாதை வாங்கித் தந்தது அந்தக் கோட்டுதான். பாரதியாரின் கறுப்புக் கோட்டு எல்லோருக்கும் தெரிந்ததே.

பிறகு காற்று மாறியது. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேல்சட்டையையே விட்டார். கதர் சட்டையும் துண்டும் வந்தன, கோட்டு மெல்ல விலகியது.

ஆனால் கிளப்புகள் மாறவில்லை. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில், கிரிக்கெட் சங்க கிளப்புக்கு வேட்டியில் வந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் இத்தகைய தடைக்கு எதிராகச் சட்டம் இயற்றியது.

கில்ட்டுக்கு நேர் எதிர் அனுபவம். 1746-ல் லண்டன் பார்லிமெண்ட் அதைத் தடை செய்தது. 1782-ல்தான் தடை நீங்கியது.

இன்று நெய்வேலி டவுன்ஷிப் கல்யாணங்களிலும் முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, வரவேற்புக்குக் கோட்டும் பேண்டும். ஸ்காட்லாந்து மாப்பிள்ளையோ கில்ட்டை அவிழ்க்காமலே கோட்டு போடுகிறார்.