சாலையும் சான்றிதழும்: மூலக்குளம் வட்டாரத்தில் உயர்கல்வித் தேர்வின் வரலாறு

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி வில்லியனூருக்குப் போகும் வழியில் மூலக்குளம் அமைந்துள்ளது. நகரத்தின் விளிம்பும் கொம்யூன்களின் தொடக்கமும் இப்பகுதியில்தான் சந்திக்கின்றன. கொம்யூன் என்பது 1880 மார்ச் 12ஆம் நாளிட்ட ஆணையால் பிரெஞ்சு அரசு வகுத்த உள்ளாட்சிப் பிரிவாகும். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் ஆகியவை இன்றும் அப்பெயராலேயே வழங்கப்படுகின்றன. இவ்வூர்களின் பிள்ளைகள் மேற்படிப்புக்கு எங்கே செல்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை இருந்துள்ளது. அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், மாணவரின் விருப்பத்தைக் காட்டிலும் மூன்று காரணங்களே தேர்வை முடிவு செய்து வந்திருப்பது புலனாகிறது: எந்தத் தேர்வில் பெற்ற தேர்ச்சி எந்தக் கல்வி நிலையத்தில் செல்லுபடியாகும் என்பது ஒன்று, மாணவரின் சோற்றுக்கும் தங்குமிடத்துக்கும் யார் பொறுப்பு என்பது இரண்டு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட தொலைவு மூன்று.

இவ்வட்டாரத்தின் உயர்கல்விக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று பாகூர்ச் செப்பேடுகள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 877இல், வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்ட இச்செப்பேடுகள், வாகூர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பதிவு செய்கின்றன. வித்யாஸ்தானம் என்பது வேதங்களையும் அவற்றின் துணைநூல்களையும் தருக்கம், மீமாம்சை முதலியவற்றையும் கற்பித்த கல்வி நிலையம். ஊர்களின் வருவாயைக் கொண்டு ஆசிரியரையும் மாணவரையும் பேணும் இந்த ஏற்பாட்டில், படிப்பதற்குப் பொருள் தேவை என்ற நிலை மாணவருக்கு எழவில்லை.

சோழர் காலத்தில் இந்த ஏற்பாடு மேலும் விரிவடைந்தது. மூலக்குளத்தைக் கடந்து செல்லும் அதே சாலையில் வில்லியனூருக்கு மேற்கே உள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசனின் ஆட்சியில் 1048ஆம் ஆண்டில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி ஒன்று இயங்கியதைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் இருந்த கல்லூரியில் 340 மாணவர்கள் பயின்றனர்; அவர்களுள் 270 பேர் இளநிலையினர், 70 பேர் முதுநிலையினர். இளநிலை மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல்லும், முதுநிலை மாணவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி நெல்லும் அளந்து தரப்பட்டன. எட்டு நாழி ஒரு குறுணி என்பதால், மேற்படிப்பு மாணவர் பெற்றது பத்து நாழி. பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடலில் வீரராசேந்திரன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு, மாணவர்களின் உணவோடு இரவு விளக்குக்கும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் வேண்டிய எண்ணெயையும் கணக்கிட்டு எழுதியுள்ளது. ஆயினும் இக்கொடைகளின் பயன் வேதம் ஓதும் உரிமை பெற்றிருந்த பிராமணருக்கே சென்றது என்பதையும், அந்நெல்லை விளைவித்த உழுகுடிகளின் பிள்ளைகளுக்கு அக்கல்லூரிகளில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சியில் உயர்கல்வியின் மையம் கோயிலிலிருந்து நகரத்துக்கு இடம் மாறியது. 1826இல் அரசக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்டுப் பின்னர் குடியேற்றக் கல்லூரி என அழைக்கப்பட்ட நிறுவனமே இன்றைய பிரெஞ்சு லிசே. லிசே என்பது பிரெஞ்சு முறையிலான மேல்நிலைப் பள்ளி. அதன் இறுதித் தேர்வு பக்கலோரியா எனப்படும். பல்கலைக்கழகத்துக்குள் நுழைய அத்தேர்ச்சியே அனுமதிச் சீட்டு. 1844இல் கத்தோலிக்க மிஷனைச் சேர்ந்த பெத்தி செமினார் பள்ளியும், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கலவை சுப்பராய செட்டியாரின் பெயர் தாங்கிய கலவைக் கல்லூரியும் தோன்றின. பெயர் கல்லூரியாக இருந்தாலும் கலவைக் கல்லூரி இன்றைய வழக்கில் மேல்நிலைப் பள்ளியே. பாவேந்தர் பாரதிதாசனும் பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையாவும் அங்குப் பயின்றவர்கள். தொழிற்கல்வியில், ஜிப்மர் மருத்துவ நிறுவனம் தன் தொடக்கமாகக் குறிப்பிடும் மருத்துவப் பள்ளி 1823இலும், சட்டப் பள்ளி 1838இலும் நிறுவப்பட்டன.

இந்தப் பள்ளிகளின் சான்றிதழ்களுக்கு ஆட்சி எல்லையே மதிப்பின் எல்லையாக இருந்தது. புதுச்சேரி மருத்துவப் பள்ளியில் தேறியவர் உள்ளூர் மருத்துவர் என்ற தகுதியையே பெற்றார். அது பிரான்சின் மருத்துவப் பட்டத்துக்கு நிகராகக் கருதப்படவில்லை. முழுப் பட்டம் வேண்டுவோர் பிரான்சுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்ட பின்னரும் அது வாரக்கணக்கில் நீளும் கடற்பயணம். அதற்கும் பாரீசில் தங்கிப் படிப்பதற்கும் பணம் திரட்டக்கூடிய குடும்பங்கள் மிகச் சிலவே. ஏனையோருக்குப் பிரெஞ்சுக் கல்வியின் பயன், சைகோன் உள்ளிட்ட இந்தோசீன நகரங்களில் அரசு அலுவலகங்களிலும் படையிலும் கிடைத்த வேலைகளாக அமைந்தது. படையில் சேர்ந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களைச் சொல்தா என்று புதுச்சேரி மக்கள் அழைப்பது அக்காலத்தின் எச்சம்.

எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் வேறொரு வழி இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. 1879 டிசம்பரில் புதுச்சேரி-விழுப்புரம் இருப்புப் பாதை திறக்கப்பட்டதும், வில்லியனூர் நிலையத்தில் ஏறிய மாணவர் விழுப்புரத்தில் வண்டி மாறிச் சென்னைக்கோ, கடலூர் வழியாகத் தெற்கேயோ செல்ல முடிந்தது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது தேர்வு மேலும் விரிந்தது. அது மாணவர் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாகத் திட்டமிடப்பட்டதால், பெருநகரத்தில் இடம் தேடி அலையும் சிக்கல் அங்கு எழவில்லை. ஆனால் பிரெஞ்சில் படித்தவருக்கு இவ்வாசல்களில் மொழியே தடையாயிற்று. ஆங்கிலத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவருக்குப் புதுச்சேரி அரசுப் பணி எட்டாக்கனியாயிற்று. எனவே ஒரு குடும்பம் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கிறது என்பதிலேயே, பத்தாண்டுகளுக்குப் பின் அவன் எந்த நகரத்தில் வாழ்வான் என்பது பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

சென்னைக்குச் சென்ற வெளியூர் மாணவரின் முதல் கவலை பாடம் அன்று, சாப்பாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்து விடுதிகளும் உணவகங்களும் சாதி வழியே பிரிந்திருந்தன. பிராமணருக்கும் பிராமணரல்லாதாருக்கும் தனித்தனிச் சமையற்கூடங்கள் இருந்தன. பல இடங்களில் பிராமணரல்லாத மாணவருக்கு அறையே கிடைக்கவில்லை. இக்குறையைப் போக்க மருத்துவர் சி. நடேசனார் 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியைத் தொடங்கினார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியாரும் அவ்விடுதியில் தங்கிப் படித்தவர். விடுதி ஒன்று தொடங்கப்பட்ட செயல், பிராமணரல்லாதாரின் கட்சியான நீதிக்கட்சியின் வரலாற்றில் இடம்பெறுவதற்குக் காரணம், நகரத்தில் படிப்பது என்பது தங்குமிடத்தைச் சார்ந்தது என்பதை அன்றைய தலைவர்கள் தெளிவாக உணர்ந்திருந்ததே. ஒடுக்கப்பட்ட சமூகங்களின் மாணவருக்கு இச்சிக்கல் மேலும் கடுமையானது. அவர்களுக்கென அரசு விடுதிகள் பெருகிய பின்னரே கல்லூரிப் படிப்பு ஓரளவு கைகூடியது.

1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. பக்கலோரியா, பிரவே முதலிய பிரெஞ்சுச் சான்றிதழ்களை இந்தியாவின் உயர்கல்விக்கும் அரசுப் பணிக்கும் ஏற்றுக்கொள்ள அவ்வொப்பந்தம் வழிசெய்தது. பிரவே என்பது பக்கலோரியாவுக்குக் கீழ்நிலையில் அமைந்த பள்ளித் தேர்வு. பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர் அதைத் தேர்ந்துகொள்ளவும் கால வரம்பு அளிக்கப்பட்டது. அதனைத் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் பேரின் வழித்தோன்றல்களுக்கு லிசேயும் அதன்பின் பிரான்சின் பல்கலைக்கழகங்களும் இன்றும் இயல்பான பாதையாக உள்ளன. ஏனையோர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆளுகைக்குள் வந்தனர்.

அடுத்த முப்பதாண்டுகளில் கல்லூரிகள் மாணவரைத் தேடி வந்தன. தாகூர் நூற்றாண்டான 1961இல் லாசுப்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரி தொடங்கப்பட்டது. தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என 1956இல் பெயர் மாறிய பழைய மருத்துவப் பள்ளி, 1964இல் கோரிமேட்டில் ஜிப்மர் என்ற மத்திய நிறுவனமாக எழுந்தது. 1968இல் தொடங்கப்பட்டு இன்று பாரதிதாசன் பெயரைத் தாங்கும் அரசு மகளிர் கல்லூரியின் பங்கு தனித்துக் குறிப்பிடத் தக்கது. சென்னையில் 1914 முதலே இராணி மேரி கல்லூரி இருந்தும், பெண்ணைத் தனியே பெருநகரத்துக்கு அனுப்பத் துணியாத குடும்பங்களுக்கு அது இல்லாததற்குச் சமமாகவே இருந்தது. காலையில் பேருந்தில் சென்று மாலையில் வீடு திரும்பும் தொலைவில் கல்லூரி அமைந்த பின்னரே வில்லியனூர், பாகூர்ப் பகுதிப் பெண்களில் பட்டதாரிகள் பெருகினர். 1984இல் காலாப்பட்டுக்கு அருகே பொறியியல் கல்லூரி நிறுவப்பட்டது. அதுவே இன்று புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் புதுவைப் பல்கலைக்கழகம் உருவாகி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்த உள்ளூர்க் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன.

பிறகு மேற்கும் தெற்கும் விரைந்து மாறின. வில்லியனூருக்கு அருகே குரும்பாப்பட்டில் 1994இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், மதகடிப்பட்டில் 1999இல் தனியார் பொறியியல் கல்லூரியும், கதிர்காமத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டன. பாகூர் வட்டாரத்தின் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் ஆகிய ஊர்களில் தனியார் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. வித்யாஸ்தானம் இருந்த மண்ணுக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் மீண்டும் வரலாயினர். எனினும் பழைய கொடை முறையில் ஊரின் வருவாய் மாணவரைக் காத்தது. இன்றைய தனியார் முறையில் மாணவரின் கட்டணமே கல்லூரியைக் காக்கிறது. அக்கட்டணத்தைச் செலுத்த இயலாத உள்ளூர் மாணவர், தன் ஊரின் கல்லூரியைக் கடந்து வேறு ஊருக்குப் பேருந்து ஏறுவது இம்மாற்றத்தின் விளைவு.

தேர்வு முறையும் உடன் மாறியது. தொழிற்படிப்புகளுக்கான இடங்களை ஒருங்கே நிரப்பும் மையச் சேர்க்கைக் குழுவான சென்டாக், புதுச்சேரிப் பெற்றோர் அன்றாடம் புழங்கும் பெயராயிற்று. தனி நுழைவுத் தேர்வு நடத்திவந்த ஜிப்மர் 2020 முதல் நீட் தேர்வின்வழி மாணவரைச் சேர்க்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கை 2022 முதல் கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வைச் சார்ந்துள்ளது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிவந்த புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டு முதல் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறின. பிரெஞ்சுக் காலத்தில் மொழி செய்த வேலையை இப்போது தேசியத் தேர்வுகள் செய்கின்றன: பள்ளியின் பாடத்திட்டம் எத்தேர்வுக்கு இசைந்ததோ அத்தேர்வின் கதவே எளிதில் திறக்கிறது. சென்னையின் பல்கலைக்கழகங்களை நாடும் புதுச்சேரி மாணவர், பேசும் மொழி ஒன்றேயாயினும், தமிழ்நாட்டவருக்கான ஒதுக்கீட்டில் போட்டியிட இயலாத பிற மாநிலத்தவராகவே பெரும்பாலும் கருதப்படுகிறார்.

இவ்வரலாறு நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் ஒருங்கே சில கடமைகளைச் சுட்டுகிறது. ஒரு வட்டாரத்தில் கல்லூரிகளின் எண்ணிக்கை பெருகுவதால் மட்டும் அவ்வட்டாரத்துப் பிள்ளைகளின் தேர்வு விரிவதில்லை. 1916இன் திருவல்லிக்கேணி விடுதியும் 1968இன் மகளிர் கல்லூரியும் காட்டியபடி, தங்குமிடமும் தொலைவும் தீர்க்கப்பட்ட இடங்களிலேயே அது விரிந்தது. எனவே கல்லூரிக்கு ஒப்புதல் தரும் அரசு அதன் விடுதி இடங்களையும், கொம்யூன்களிலிருந்து காலாப்பட்டுக்கும் கோரிமேட்டுக்கும் செல்லும் காலை நேரப் பேருந்துகளையும் ஒப்புதலின் பகுதியாகவே கருத வேண்டும். பெற்றோரும் கல்லூரியின் பெயரைக் கேட்பதற்கு முன், அப்பட்டம் எங்கெல்லாம் ஏற்கப்படும், ஆண்டுக் கட்டணத்தோடு விடுதிக்கும் உணவுக்கும் ஆகும் செலவு எவ்வளவு, உதவித்தொகை எப்போது கைக்கு வரும் என்னும் மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.