எச்சம்: பாறு, பால், மருந்து

இலக்கணத்தில் எச்சம் என்பது முடிவு பெறாது, பெயரையோ வினையையோ அவாவி நிற்கும் சொல். வழக்கில் பறவையின் கழிவும் எச்சம். ஒருவர் விட்டுச் செல்லும் மக்களும் எச்சம். மாட்டுக்குக் கொடுத்த மருந்தில் பாலிலும் இறைச்சியிலும் தங்கிவிடும் பகுதிக்கும் உணவு வேதியியலார் இச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும், 1950 முதல் செலுவாம்பா மாளிகையில் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் மைசூருவிலேயே இருப்பதால், இந்தப் பொருள்மயக்கம் இங்கு வாழும் மொழியியல் மாணவருக்குச் சற்று அதிகமாகவே கண்ணில் படும்.

இவ்வெச்சத்தின் வரலாற்றில் நான் முதன்மையாகக் கருதுவது ஒன்று: அதை முதலில் கண்டறிந்தவர்கள் நுகர்வோர் அல்லர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மடிநோய்க்குப் பென்சிலின் பரவலானபோது, மேலை நாடுகளின் பாலாடைக்கட்டித் தொழிலாளர்கள்தாம் முதலில் திகைத்தனர். பாலில் எஞ்சிய மருந்து, பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றது. குடித்தவருக்கு எதுவும் தெரியவில்லை; உறையாத பால்தான் காட்டிக்கொடுத்தது. பன்னாட்டு அளவில் எச்ச வரம்புகளை வகுக்கும் தனிக்குழு முதன்முறை கூடியது 1986இல்தான்.

இந்தியாவில் அந்தச் சாட்சியாக நின்றது பாறு. 1990களில் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் விபு பிரகாஷ் பாறுகளின் வீழ்ச்சியைப் பதிவு செய்தார். நோய்க்கிருமியே காரணம் என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் விடை தந்தது: வலிக்காகக் கால்நடைகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக், சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டனர். வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் மறைந்தன. 2006இல் அரசு கால்நடைப் பயன்பாட்டைத் தடுத்தது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்குத் திசைமாறின. ஆகவே 2015இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறுக்கப்பட்டது. எதிர்த்து வந்த மருந்து நிறுவனங்களின் வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அக்கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றின் கால்நடைப் பயன்பாட்டுக்கான தடை 2023வரை காத்திருந்தது. மைசூருவுக்குத் தெற்கே, மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகளின் எதிர்காலம் இந்தத் தேதிகளோடு கட்டுண்டது.

இத்தனைக்கும் இது உணவுப் பாதுகாப்பு வரலாறாக எழுதப்படுவதே இல்லை. வனவிலங்கு வரலாறாகவே எழுதப்படுகிறது. அந்தப் பிரிவினை எனக்கு ஏற்புடையதன்று. மாட்டின் உடலில் மருந்து எவ்வளவு, எத்தனை நாள் தங்குகிறது என்பதே இரண்டுக்கும் பொதுவான கேள்வி.

பொதுமக்களின் அச்சமோ வேறு திசையில் சென்றது. பால் கறக்கப் போடப்படும் ஆக்சிடோசின் ஊசியே நீண்டகாலம் பேச்சுப்பொருள். 2018இல் தனியார் உற்பத்தியை ஒன்றிய அரசு தடைசெய்து, பெங்களூருவின் பொதுத்துறை நிறுவனமான கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் அண்டு பார்மாசூட்டிகல்ஸுக்கு மட்டும் உள்நாட்டு உரிமையை ஒதுக்கியது. பேறுகாலக் குருதிப்போக்கை நிறுத்தும் இன்றியமையா மருந்து அது. போதிய அறிவியல் அடிப்படை இல்லையென்று அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடெங்கும் சேகரித்த 6,432 பால் மாதிரிகளின் முடிவும் அவ்வாறே வாசிக்கப்பட்டது. பாதுகாப்பைக் கெடுக்கும் கலப்படம் 12 மாதிரிகளில். வரம்பை மீறிய நுண்ணுயிர்க்கொல்லி எச்சம் 77இல். தீவனப் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்லாடாக்சின் 368இல். ஆயினும் வீட்டுப் பேச்சில் இன்றும் முதலிடம் யூரியாவுக்கும் சோப்புத்தூளுக்குமே. காய்ச்சினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் இங்கு உதவாது; பல நுண்ணுயிர்க்கொல்லிகள் கொதிநிலையைத் தாங்குபவை.

2012இல் திருத்தப்பட்ட மருந்து விதிகளின்படி, கால்நடை மருந்தின் உறையில் விலகுகாலம் குறிக்கப்பட வேண்டும். தனி ஆய்வு இல்லாத மருந்துக்குப் பாலில் குறைந்தது 7 நாள், இறைச்சியில் 28 நாள். இரண்டு மாடு வைத்திருப்பவர் அந்த ஏழு நாள் பாலை விற்காமல் கொட்டினால், இழப்பை யார் ஏற்பது என்பதை விதி சொல்லவில்லை.