போர்க்காலத்துக் கிராய்டன்: வீடும் சுகாதாரமும்

இரண்டாம் உலகப் போர் என்றதும் படைகளையும் தளபதிகளையும் நினைக்கிறோம். குண்டு விழுந்த ஊர்களில் மக்கள் எங்கே உறங்கினார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. லண்டன் மாநகரின் தெற்குப் பகுதியிலுள்ள கிராய்டன் என்னும் புறநகரின் வரலாறு இதனை நமக்கு எடுத்துரைக்கிறது.

போருக்கு முன்பே அவ்வூர் கசப்பான பாடம் ஒன்றைக் கற்றிருந்தது. 1937-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே டைபாய்டு காய்ச்சல் பரவி, நூற்றுக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தனர்; 43 பேர் மாண்டனர். அடிங்டன் கிணற்றைப் பழுதுபார்க்க இறங்கியவர்களுள் ஒருவர், தாம் நோயுறாமலே அந்நோயின் கிருமியைச் சுமந்திருந்தார். அவ்வேளையில் தண்ணீரை வடிகட்டுவதும் குளோரின் கலப்பதும் நிறுத்தப்பட்டிருந்தன. இத்துயரம் நாடெங்கும் கண்களைத் திறந்தது. போர்க்காலத்தில் பொதுக் குடிநீருக்குக் குளோரின் கலப்பது இங்கிலாந்தில் பரவலான வழக்கமாயிற்று.

1940 ஆகஸ்டு 15 அன்று கிராய்டன் விமான நிலையப் பகுதியில் குண்டுகள் விழுந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் மக்கள் இரவுகளைப் பதுங்கிடங்களில் கழித்தனர். வீட்டுக் கொல்லையில் பாதி புதைத்து, நெளிநெளியான எஃகுத் தகடுகளால் அமைத்த 'ஆண்டர்சன்' பதுங்கிடத்தின் நீளம் ஆறரை அடி; அகலம் நாலரை அடி. அதற்குள் ஆறு பேர்! குறைந்த வருவாய் உள்ளோர்க்கு அரசு அதனை இலவசமாக வழங்கிற்று. குண்டுச் சிதறலிலிருந்து அது காத்தது உண்மையே. ஆனால் மழை பெய்தால் உள்ளே நீர் ஊறும். ஈரமும் குளிரும் நெரிசலும் உடலை வாட்டும்.

1944 ஜூன் முதல் விமானி இல்லாத பறக்கும் குண்டுகள் வந்தன. லண்டன் வட்டாரத்தில் அவை மிகுதியாக விழுந்த ஊர் கிராய்டனே. சுமார் 140 குண்டுகள். பல்லாயிரம் வீடுகள் சேதமுற்றன. புது வீடு கட்டும் பணியோ ஏறக்குறைய நின்றிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் ஒண்டிக்கொள்ள நேர்ந்தது.

இந்நிலையில் பெருங்கொள்ளைநோய் வரும் என்று அஞ்சியோர் பலர். நாட்டில் சொறிசிரங்கு பரவியது. போரின் முதல் ஆண்டுகளில் காசநோய்ச் சாவுகள் கூடின. ஆயினும் குண்டுகளால் தண்ணீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் உடைந்தபோதும், அஞ்சியவாறு டைபாய்டு கொள்ளைநோயாகப் பெருகவில்லை. தொண்டை அடைப்பான் நோய்க்கு இலவசத் தடுப்பூசி போடப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1940-இல் சுமார் 2,500 உயிர்களைப் பலிகொண்ட அந்நோய், 1945-இல் ஏறத்தாழ 700 பேரையே கொண்டுபோயிற்று.

கூரை இழந்த மக்களையும் தூய நீரும் தடுப்பூசியும் காக்க வல்லவை என்பதை இங்கே காண்கிறோம். குளோரின் கலந்தவரின் பெயரும் ஊசி போட்ட தாதியின் பெயரும் எந்த வெற்றித் தூணிலும் பொறிக்கப்படவில்லை. காக்கப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானதே அவர்களுக்குரிய நினைவுச் சின்னம். நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைத் துப்புரவு செய்ய வருபவரையும், தடுப்பூசிக்கு நம் வாசலில் வந்து அழைப்பவரையும் நாம் நன்றியோடு வரவேற்போமாக.