பள்ளிக்கூடப் பாதிரியார், இல்லாத கடன், நடுக்கடலில் ஒரு கப்பல்

ரெண்டு வாரமா இதை எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். ஆபீஸ்ல ஆணி அதிகம். நேத்துதான் ரிலீஸ் முடிஞ்சுது. கொஞ்சம் நீளமாத்தான் வரும், காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

மெல்பர்னுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. லஞ்ச் ரூம்ல கிரிக்கெட், வீட்டு வாடகை, ஃபுட்டி தவிர வேற பேச்சு வராது. போன மாசம் ஒரு நாள் எப்படியோ அரசியல் வந்துடுச்சு. ஒருத்தர், வேலை இல்லாதவங்களுக்கு உதவித்தொகை கொடுத்தே நாடு போச்சுன்னார். இன்னொரு அம்மா, அதுக்குக் காசு இல்லேங்கிற கவர்மென்ட்டுக்கு என் பையன் ஸ்கூல்ல பாதிரியார் வைக்க மட்டும் எங்கேருந்து காசு வருதுன்னு கேட்டார். மூணாமவர், ரெண்டையும் விடுங்க, படகுல வர்றவங்களுக்குத்தான் எல்லாம் போகுதுன்னார். நான் டிபன் பாக்ஸையே பாத்துக்கிட்டு இருந்தேன். விசாவில் இருக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாதுங்கிறது எழுதப்படாத விதி :-)

ஆனா வீட்டுக்கு வந்ததும் மனசு கேக்கல. ரெண்டு வாரக் கடைசி பழைய தீர்ப்புகளையும் விசாரணை அறிக்கையையும் உக்காந்து படிச்சேன். தனித்தனி பக் மாதிரி தெரிஞ்ச மூணும் ஒரே மாடியூல்லேருந்து வருது. அந்த மாடியூலோட பேரு 'நிர்வாக அதிகாரம்'. பார்லிமென்ட்ல சட்டம் போடாம, அமைச்சரும் அதிகாரிகளும் தாங்களாவே எவ்வளவு தூரம் போகலாம்? ஆஸ்திரேலியாவோட கடந்த 25 வருஷத்து எரிச்சல்ல பாதி இந்த ஒரு கேள்விக்குள்ள அடங்கும்.

முதல்ல கப்பல். 2001 ஆகஸ்ட்ல 'டாம்பா'ங்கிற நார்வே சரக்குக் கப்பல், கிறிஸ்துமஸ் தீவு பக்கத்துல மூழ்கிக்கிட்டிருந்த படகுலேருந்து 433 பேரைக் காப்பாத்திச்சு. பெரும்பாலும் ஆப்கானிஸ்தான்காரங்க. பிரதமர் ஜான் ஹோவர்ட் கப்பலை உள்ளே விடமாட்டேன்னுட்டார், ராணுவ வீரர்களைக் கப்பல்ல ஏத்தினார். கேஸ் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போச்சு. தனி நீதிபதி அவங்களைக் கரைக்குக் கொண்டு வாங்கன்னு சொன்ன தேதி 2001 செப்டம்பர் 11. அன்னிக்கு ராத்திரியே நியூயார்க்ல நடந்தது தெரியும். ஆறு நாள்ல மூணு நீதிபதிகள் கொண்ட அமர்வு 2-1னு அதை மாத்திடுச்சு. வெளியாளை உள்ளே விடாம தடுக்கிறது அரசோட நிர்வாக அதிகாரத்துலேயே அடங்கும், தனியா சட்டம் தேவையில்லேன்னு முக்கியமான தீர்ப்பை எழுதினவர் ராபர்ட் ஃபிரெஞ்ச். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க. கப்பல்ல இருந்தவங்கள்ல சிலரை நியூசிலாந்து எடுத்துக்கிச்சு, மத்தவங்க நவூரு தீவுக்குப் போனாங்க. நவம்பர் தேர்தல்ல ஹோவர்ட் ஜெயிச்சார்.

அடுத்து பாதிரியார். இங்க 'சாப்ளின்'னு சொல்றாங்க. முதல் தடவை கேட்டப்ப எனக்கு சார்லிதான் ஞாபகம் வந்தார். 2006 அக்டோபர்ல ஹோவர்ட் அறிவிச்ச திட்டம் இது. பள்ளிக்கூடத்துக்கு வருஷம் 20,000 டாலர் வரைக்கும் மத்திய அரசு கொடுக்கும், பள்ளி ஒரு சாப்ளினை வச்சுக்கலாம். மதப் பிரசாரம் பண்ணக் கூடாது, பசங்க மனக் கஷ்டத்துக்கு ஆறுதலா இருக்கணும்கிறது விதி. ஆனா ஆள் மத அமைப்போட அங்கீகாரம் பெற்றவரா இருக்கணும். படிச்சு வந்த உளவியலாளரை ஏன் வைக்கக் கூடாதுன்னு பலரும் கேட்டாங்க. அடுத்து வந்த லேபர் அரசும் திட்டத்தை நிறுத்தல, மதம் சாராதவங்களையும் வைக்கலாம்னு 2012லேருந்து கொஞ்சம் தளர்த்திச்சு, அவ்வளவுதான்.

குயின்ஸ்லாந்துல டுவூம்பான்னு ஒரு ஊர். அங்க டார்லிங் ஹைட்ஸ் அரசுப் பள்ளியில பிள்ளைகளைப் படிக்க வச்ச ரான் வில்லியம்ஸ்ங்கிற அப்பா நேரா ஹைகோர்ட்டுக்குப் போனார். (இங்க ஹைகோர்ட்னா நம்ம சுப்ரீம் கோர்ட் மாதிரி, அதுக்கு மேல கிடையாது.) எல்லாரும் இது மதச்சார்பின்மை கேஸ்னு நினைச்சாங்க. அந்த வாதத்துல அவர் தோத்தார், ஒரு நீதிபதி கூட ஒத்துக்கல. சாப்ளின் மத்திய அரசு பதவி வகிக்கிறவர் இல்ல, அதனால அரசியல் சட்டத்தோட 116ஆவது பிரிவு பொருந்தாதுன்னுட்டாங்க. அவர் ஜெயிச்சது யாரும் பெருசா எடுத்துக்காத இன்னொரு பாயின்ட்ல. பார்லிமென்ட் சட்டமே போடாம, ஒப்பந்தம் மட்டும் போட்டு இந்தக் காசை எடுத்துக் கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தா? 2012 ஜூன் 20, ஆறுக்கு ஒண்ணுன்னு தீர்ப்பு. அந்த ஆறுல ஒருத்தர் தலைமை நீதிபதி. யாருன்னு நினைக்கிறீங்க? அதே ராபர்ட் ஃபிரெஞ்ச். கப்பலை மறிக்கச் சட்டம் வேணாம், பாதிரியாருக்குச் சம்பளம் கொடுக்கச் சட்டம் வேணும். வக்கீல் நண்பர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், ரெண்டும் முரண் இல்லேன்னு அரை மணி நேரம் விளக்கினார். எனக்கு இன்னும் முழுசா இறங்கல.

அரசு என்ன பண்ணிச்சு? ஒரே வாரத்துல புதுச் சட்டம் கொண்டு வந்து, சாப்ளினோட சேர்த்து 400க்கும் மேல திட்டங்களுக்கு மொத்தமா அனுமதி வாங்கிடுச்சு. எதிர்க்கட்சி தடுக்கல. ப்ரொடக்‌ஷன்ல ராத்திரியோட ராத்திரியா ஹாட்ஃபிக்ஸ் போடுவோமே, அச்சு அசலா அதே. வில்லியம்ஸ் விடல, மறுபடி கேஸ் போட்டார். 2014 ஜூன் 19ல மறுபடி ஜெயிச்சார், இந்தத் தடவை எதிர்ப்பு ஓட்டே இல்ல. சாப்ளின் சேவை மாணவர்களுக்குக் கொடுக்கிற 'உதவி'ங்கிற வகையில வராதுன்னாங்க.

அந்த 2014ஐக் கொஞ்சம் நிறுத்திப் பாக்கணும். டோனி அபட் பிரதமர். மார்ச்லேயே பல ஊர்கள்ல ஆயிரக்கணக்கான பேர் ஊர்வலம் போனாங்க. அகதி, கல்வி, சுற்றுச்சூழல்னு ஆளுக்கொரு அட்டை. மே பட்ஜெட்ல 30 வயசுக்குள்ள வேலை இல்லாதவங்க உதவித்தொகைக்கு ஆறு மாசம் காத்திருக்கணும், டாக்டரைப் பாக்க 7 டாலர் கொடுக்கணும்னு அறிவிப்பு. அதே பட்ஜெட்ல சாப்ளின்களுக்கு 24 கோடியே 38 லட்சம் டாலர், அதுவும் மதம் சார்ந்தவங்களுக்கு மட்டும். ஆறு மாசமும் 7 டாலரும் செனட்டைத் தாண்டல. சாப்ளின் திட்டம் கோர்ட்ல தோத்தும் சாகல, காசை மாநிலங்களுக்கு மானியமாக் கொடுத்து அங்கேருந்து அனுப்பினாங்க. சரி, சட்டத்துக்குப் புறம்பா ஏற்கனவே கொடுத்த காசு? அது சாப்ளின் அமைப்புகள் அரசுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன்தானே? தீர்ப்பு வந்த அன்னிக்கே நிதியமைச்சர் அதையெல்லாம் தள்ளுபடி பண்ணிட்டார். பாவம், அவங்க மேல தப்பில்லதான். இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

தீர்ப்பு வந்து சரியா பத்தாவது நாள், ஜூன் 29. புதுச்சேரியிலேருந்து கிளம்பின ஒரு படகை கிறிஸ்துமஸ் தீவு பக்கத்துல ஆஸ்திரேலியக் கப்பல் மறிச்சுது. உள்ளே 157 இலங்கைத் தமிழர்கள், குழந்தைகளும் சேர்த்து. எல்லாரையும் 'ஓஷன் ப்ரொடெக்டர்'ங்கிற சுங்கக் கப்பல்ல ஏத்தி, ஜன்னல் இல்லாத அறைகள்ல அடைச்சு, இந்தியாவை நோக்கித் திருப்பினாங்க. இந்தியா ஏத்துக்கும்னு உறுதி வாங்காமலேயே! கப்பல் இந்தியா பக்கத்துல போய் நாள் கணக்கா நின்னுது. குடிவரவு அமைச்சர் ஸ்காட் மாரிசன், கடல்ல நடக்கிறதைப் பத்திப் பேசமாட்டோம்னுட்டார். அதே வாரம் இன்னொரு படகுல வந்த 41 பேரை நடுக்கடல்ல இலங்கைக் கடற்படைகிட்டயே ஒப்படைச்சதையும் ஒப்படைச்ச பிறகுதான் சொன்னாங்க. அந்த 157 பேர் கிட்டத்தட்ட ஒரு மாசம் கழிச்சு கோகோஸ் தீவுல தரை மிதிச்சாங்க. ஆகஸ்ட்ல நவூருவுக்கு அனுப்பிட்டாங்க. 2015 ஜனவரியில ஹைகோர்ட், அவங்களைக் கடல்ல அடைச்சு வச்சது செல்லும்னு 4-3 கணக்குல சொல்லிடுச்சு. ஃபிரெஞ்ச் அந்த நாலுல ஒருத்தர்.

மாரிசனுக்கு 2014 டிசம்பர்ல இலாகா மாத்தினாங்க. எங்கே? சமூக நலத்துறை.

இங்கதான் என் தொழில் உள்ளே வருது. உதவித்தொகை வாங்குறவங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்ன சம்பாதிச்சோம்னு சென்டர்லிங்க்ல சொல்லணும். வருமான வரித்துறை கையில அப்ப இருந்தது வருஷக் கணக்கு. ரெண்டையும் ஒப்பிட்டா ஏமாத்துறவங்களைப் பிடிக்கலாம்னு ஐடியா. முன்னாடியெல்லாம் வித்தியாசம் தெரிஞ்சா ஒரு ஊழியர் உக்காந்து முதலாளிகிட்ட கேட்டு சரிபார்ப்பார். 2016 ஜூலையிலேருந்து அதை மெஷினுக்கு விட்டுட்டாங்க. வருஷ வருமானத்தை 26ஆல வகுத்து, ஒவ்வொரு ரெண்டு வாரமும் அவ்வளவு சம்பாதிச்சேன்னு வச்சுக்கும். ஒரு பையன் ஜூலையிலேருந்து டிசம்பர் வரைக்கும் வேலை இல்லாம உதவித்தொகை வாங்குறான், ஜனவரியில வேலை கிடைச்சு ஜூனுக்குள்ள 26,000 டாலர் சம்பாதிக்கிறான்னு வைங்க. மெஷின் கணக்குல அவன் வருஷம் முழுக்க ரெண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதிச்சவன். அப்ப வேலை இல்லேன்னு சொன்னது பொய். கட்டு காசை!

காலேஜ் முதல் வருஷப் பையன் எழுதினா கூட கோட் ரிவ்யூல தூக்கிடுவோம். இதுல டைப் பிழை, லாஜிக் பிழை எதுவும் இல்ல, அனுமானமே தப்பு. வருஷத்துக்கு 20,000 கேஸ் பாத்த இடத்துல வாரத்துக்கு 20,000 கடிதம் போச்சு. தப்புன்னா நீயே நிரூபி, ஆறேழு வருஷத்துக்கு முந்தின சம்பளச் சீட்டைக் கொண்டான்னாங்க. மூடிப்போன ஹோட்டல்ல பாத்திரம் கழுவினவன் எங்கே போவான்? சிலருக்கு மேல 10 சதவீதம் அபராதம், கடன் வசூல் ஏஜென்ட், வரி ரீஃபண்டைப் பிடிச்சுக்கிறது எல்லாம் நடந்துச்சு. அமைச்சர் ஒருத்தர் டிவியில வந்து ஜெயிலுக்குக் கூடப் போகலாம்னார். இந்தக் கடிதத்துக்கு அப்புறம் தற்கொலை பண்ணிக்கிட்ட இளைஞர்களோட அம்மாக்கள் பின்னாடி விசாரணைக் கமிஷன்ல வந்து சாட்சி சொன்னாங்க. அந்தப் பகுதியை நான் ஒரே மூச்சுல படிக்க முடியல.

சட்டத்துல இதுக்கு இடம் இல்லேங்கிறது 2014லேயே துறைக்குள்ள எழுதி வச்ச விஷயம். 2017ல டெரி கார்னிங்கிற சட்டப் பேராசிரியர், தீர்ப்பாய உறுப்பினரா இருந்து, இது செல்லாதுன்னு அஞ்சு கேஸ்ல சொன்னார். அரசு மேல்முறையீடு பண்ணல. பண்ணாட்டா அந்தத் தீர்ப்பு வெளியே வராது. பக்கை ஒத்துக்காம டிக்கெட்டை மட்டும் மூடுறதுன்னு சொல்வோமே. அந்த வருஷமே அவர் பதவிக்காலம் முடிஞ்சது, நீட்டிக்கல. 2019 நவம்பர்ல ஃபெடரல் கோர்ட்ல அரசு தோல்வியை ஒத்துக்கிச்சு. 2020 மே மாசம் 4,70,000 கடன்களுக்கு 72 கோடி டாலருக்கு மேல திருப்பித் தர்றோம்னாங்க. அப்ப பிரதமர் யாரு? மாரிசன். ராயல் கமிஷன் தலைவர் கேத்தரின் ஹோம்ஸ் 2023 ஜூலையில கொடுத்த அறிக்கை, மாரிசன் கேபினட் தவறா வழிநடத்தப்பட விட்டுட்டார்னு சொல்லுது. அவர் அதை மறுத்தார்.

இப்ப அந்தத் தள்ளுபடியை எடுங்க. ஒரு பக்கம், சட்டப்படி உண்மையிலேயே திருப்பித் தரவேண்டிய காசு, ஒரே நாள்ல மன்னிப்பு. இன்னொரு பக்கம், இல்லவே இல்லாத கடன், ஏஜென்ட் வச்சு வசூல். ரெண்டும் ஒரே அரசியல் கூட்டணி, ரெண்டே வருஷ இடைவெளி. லஞ்ச் ரூம்ல அந்த அம்மா கேட்டது இதைத்தான். எனக்குத்தான் அன்னிக்குப் புரியல.

படகு பத்திப் பேசினவரையும் சொல்லணும். போன வாரம் அவர்கிட்ட இந்த 26ஆல வகுக்கிற கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, என் அக்கா பொண்ணுக்கு அந்தக் கடிதம் வந்துச்சு, ரெண்டு வருஷம் கட்டினா, பிறகு திருப்பிக் கொடுத்தாங்கன்னார். படகு பத்தின கருத்தை மாத்திக்கல. எதிர்பாக்கவும் இல்ல.

டான்டினாங்ல நான் மளிகை வாங்குற கடையில ஒரு யாழ்ப்பாணத்து அண்ணர் வேலை பாக்கிறார். 2013ல படகில் வந்தவர், இன்னும் பிரிட்ஜிங் விசா. 2023ல 19,000 பேருக்கு நிரந்தர விசா வழி திறந்தப்போ அந்தக் கணக்குல இவர் வரல. ஏன்னா இவர் மனுவை முன்னாடியே நிராகரிச்சிருந்தாங்க. 2024ல மெல்பர்ன்ல உள்துறை அலுவலக வாசல்ல நூறு நாளுக்கு மேல நடந்த போராட்டத்துல இவரும் லீவு நாளெல்லாம் போய் உக்காந்தவர். சாப்ளின் கேஸ், கடன் கடிதம் எல்லாத்தையும் சொன்னேன். அரிசி மூட்டையை வண்டியில வச்சுக்கிட்டே கேட்டார்.

"தம்பி, அவை காசைத் திருப்பிக் குடுத்திட்டினம் எண்டு சொல்லுறியள். எங்கட வருசத்தை என்னெண்டு திருப்பித் தருவினம்?"

எனக்குப் பதில் தெரியல. சில்லறையை வாங்கிக்கிட்டு வந்தேன்.

டிஸ்கி: சாப்ளின் திட்டம் இன்னும் இருக்கு. 2023லேருந்து பேரு மாறிடுச்சு, சாப்ளின் வேணுமா, படிச்ச மாணவர் நல அலுவலர் வேணுமான்னு பள்ளிக்கூடமே தேர்ந்தெடுக்கலாம்.