குடற்புற்றும் வயதெல்லையும்



பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய்க்கும், மனிதரின் வயதுக்கும், ஆண் பெண் என்னும் வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பு எவ்வாறு அறியப்பட்டது என்பதை இன்று நோக்குவோம்.

இலண்டன் மாநகரில் 1835ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென் மார்க்ஸ் வைத்தியசாலை குடல் நோய்களுக்கெனப் பெயர்பெற்றது. அங்கே நோயியல் ஆராய்ச்சி செய்த கத்பர்ட் டியூக்ஸ் என்பார், குடலின் உட்சுவரில் எழும் சிறு தசைமுளைகளுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவைக் குறித்து 1926ஆம் ஆண்டிலே எழுதினார். வைத்தியர்கள் பொலிப் என வழங்கும் இம்முளைகளிற் பெரும்பாலானவை தீங்கின்றியே இருந்துவிடும். சில மாத்திரம் புற்றாக மாறும். அம்மாற்றத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். அந்த நீண்ட இடைக்காலமே மனிதனுக்குக் கிடைத்த அவகாசமாகும்.

1969ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் ஷின்யா, வொல்ஃப் என்னும் வைத்தியர் இருவர், வயிற்றைத் திறவாமலே, ஒளிக்குழாயின் வழியாகக் கம்பிச் சுருக்கைச் செலுத்திப் பெருங்குடலின் முளையை அகற்றினர். முளைகள் அகற்றப்பெற்ற 1,418 பேரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று 1993இல் வெளியாயிற்று. எதிர்பார்க்கப்பட்டதிலும் 76 முதல் 90 சதவீதம் வரை புற்றுநோய் குறைந்திருந்ததென அது காட்டியது.

அவ்வாறாயின் யாரை, எந்த வயதிற் பரிசோதிப்பது? உயிரணுக்கள் பிரியுந்தோறும் நேரும் பிழைகள் ஆண்டுதோறும் திரள்வதால், வயது ஏற ஏற நோயும் மிகுகின்றது. போலந்து நாட்டில் 50,148 பேரை ஒளிக்குழாயாற் பரிசோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, முற்றிய முளைகள் ஆண்களிடமே மிகுதி எனக் கண்டது. புகையும் மதுவும் வயிற்றுக் கொழுப்பும் ஆண்களிடம் மிகுந்திருப்பதும், பெண்களைச் சுரப்புநீர்கள் ஓரளவு காப்பதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பெண்களுக்கு அதே அளவு ஆபத்துச் சில ஆண்டுகள் பிந்தியே வருகின்றது.

இந்த வேறுபாட்டை ஜேர்மனி சட்டத்திலும் ஏற்றது. 2002இல் இருபாலார்க்கும் 55 வயது முதல் அளித்த பரிசோதனையை, 2019இல் ஆண்களுக்கு மாத்திரம் 50 வயதுக்கு இறக்கியது. 2025இலே பெண்களுக்கும் அவ்வெல்லையே வகுக்கப்பட்டது. அமெரிக்காவிலோ, இளையோரிடம் இந்நோய் பெருகியமையால், 2021இல் இருபாலார்க்கும் 45 வயதென விதந்துரைக்கப்பட்டது.

இருபத்து மூன்று ஆண்டுகளுள் எல்லைக்கோடு இத்தனை முறை நகர்ந்தமையை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். அது பல்லாயிரவரின் சராசரியைக் கொண்டு, நோய்க்குறி இல்லாதவர்க்கென வகுத்த கோடு. தனியொருவரின் உடல் அதற்குக் கட்டுப்பட்டதன்று. பெண்களுக்கு ஆண்களைவிடக் குடலின் வலப்புறத்தே புற்றுத் தோன்றுதல் அதிகம். ஆங்கே கசியும் குருதி கண்ணுக்குத் தென்படாது. சோகையாகவும் களைப்பாகவுமே வெளிப்படும். வீட்டு வேலையின் அலுப்பென்று அதனை ஒதுக்கிவிடுவதும், மலத்தோடு குருதி கண்டால் மூலம் என்று தாமே முடிவுகட்டுவதும் உயிருக்கே உலையாகலாம்.

ஆதலின், குருதிப்போக்கு, காரணமறியாச் சோகை, நீடித்த மலப்போக்கு மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும், அல்லது பெற்றோர் உடன்பிறந்தோருள் எவர்க்கேனும் இந்நோய் இருந்திருப்பினும், வயதை எண்ணிக் காத்திராது வைத்தியரை நாடுதல் வேண்டும். பெண்களுக்கு நோய் பிந்தி வரும் என்பது உண்மை. வராது என்று எந்த ஆய்வும் கூறவில்லை.