பாய்மரப் படகுப் பந்தயத்தில் நேர ஈடு

பந்தய உலகில் ஹேண்டிகேப் என வழங்கும் நேர ஈடு, அளவிலும் அமைப்பிலும் வேறுபட்ட பாய்மரப் படகுகளை ஒரே பந்தயத்தில் ஓடவிட்டு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் கணக்குமுறை. ஒவ்வொரு படகுக்கும் அதன் இயல்பான வேகத்தைக் காட்டும் ஓர் எண் தரப்படும். அதற்கு ரேட்டிங் என்று பெயர். படகு எடுத்துக்கொண்ட நேரத்தை அந்த எண்ணால் திருத்தி, திருத்திய நேரம் எதற்குக் குறைவோ அந்தப் படகே வென்றது என்பார்கள். அதனால் பல பந்தயங்களில் இரண்டு வெற்றியாளர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1945 முதல் நடந்துவரும் 628 கடல் மைல் சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் முதலில் கரைசேரும் படகுக்கு ஒரு மரியாதை. நேர ஈட்டின்படி முந்தும் படகுக்கு டாட்டர்சால் கோப்பை. 2006இல் 98 அடி நீளமுள்ள ‘வைல்ட் ஓட்ஸ் 11’ முதலில் கரைசேர்ந்தது. கோப்பையை வென்றதோ 1973இல் கட்டப்பட்ட 47 அடிப் படகான ‘லவ் அண்ட் வார்’. முப்பது ஆண்டுக்கு மேல் பழையதான ஒரு படகு, தன்னைவிட இருமடங்கு நீளமானதோடு ஒரே கணக்கில் நின்று வெல்ல முடிந்தது என்பதே இந்த முறையின் பயன். இதன் இருநூறாண்டு வரலாறு ஒரு பாடத்தையும் தருகிறது: வேகத்தைச் சூத்திரத்தில் அடக்க முயன்றபோதெல்லாம் அந்தச் சூத்திரமே படகுகளின் உருவத்தை மாற்றிவிட்டது. சூத்திரத்தை எங்கே நம்பலாம், பந்தய அனுபவத்தை எங்கே நம்பவேண்டும் என்று பிரித்தறிந்த இடத்தில்தான் நேர ஈடு நியாயத்தை நெருங்கியது.

நேர ஈடு ஏன் தேவை என்பதற்கு விடை நீரின் இயல்பில் இருக்கிறது. நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் படகு அலை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியபின், மேலும் வேகமெடுக்க மிகப் பெரிய ஆற்றல் வேண்டும். ஆகவே கனமான படகுக்கு அதன் நீளமே வேக வரம்பு ஆகிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் கணக்கில் ஏறக்குறையக் கிடைக்கும். 25 அடிப் படகுக்கு 6.7 நாட், 49 அடிப் படகுக்கு 9.4 நாட். சிறிய படகை எத்தனை திறமையாகச் செலுத்தினாலும் இந்த இடைவெளியை ஈடுகட்ட முடியாது. ஈடு கொடுக்காத பந்தயம் மாலுமியின் திறமையைச் சோதிப்பதைவிடப் படகு வாங்கியவரின் பணத்தைத்தான் சோதிக்கும். 1851 ஆகஸ்ட் 22 அன்று வைட் தீவைச் சுற்றி நடந்த புகழ்பெற்ற பந்தயத்தில் 170 டன் ‘அமெரிக்கா’ முதலிலும் 47 டன் ‘அரோரா’ அதற்குப் பின்னும் வந்தன. படகின் டன்னையும் பந்தய தூரத்தையும் கொண்டு சலுகை நேரம் கணிக்கும் அட்டவணையை ஹாலண்ட் ஏக்கர்ஸ் 1843லேயே இங்கிலாந்தில் வகுத்திருந்தார். ஆனாலும் அன்றைய பந்தயத்தில் நேர ஈடு கொடுக்கப்படவில்லை. அப்படி வென்ற கோப்பைதான் பின்னர் அமெரிக்கா கோப்பை ஆனது.

தொடக்ககாலப் பந்தயக்காரர்கள் கையில் இருந்த ஒரே அளவு, துறைமுகத் தீர்வை வசூலிக்க 1773ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்த டன் கணக்கு. சரக்குக் கப்பலின் கொள்ளளவை மதிப்பிடப் பிறந்த கணக்கு அது. ராயல் தேம்ஸ் படகுக் கழகம் 1855இல் அதைத் திருத்தித் தேம்ஸ் அளவு என்ற விதியாக்கியது. நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து, மீதியை அகலத்தாலும் பாதி அகலத்தாலும் பெருக்கி, 94ஆல் வகுப்பது அந்த விதி. இதில் அகலம் இருமுறை பெருக்கப்படுகிறது. படகு நீருக்குள் எத்தனை ஆழம் இறங்குகிறது, எவ்வளவு பாய் கட்டுகிறது என்பவை கணக்கிலேயே இல்லை. விளைவை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். 40 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட படகு 16 டன் ஆகும். நீளத்தை அப்படியே வைத்து அகலத்தில் இரண்டடி குறைத்தால் அதே படகு 11 டன்னுக்கும் கீழே இறங்கிவிடும். வேகத்துக்குக் காரணமான நீளம் குறையாமலே, சலுகை நேரம் ஏராளமாகக் கிடைக்கும். வடிவமைப்பாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பார்களா? படகுகள் ஆண்டுக்காண்டு ஒடுங்கின. ஒடுங்கிய படகு சாயாமல் நிற்க, ஏராக்கட்டையின் கீழே டன் கணக்கில் ஈயம் ஏற்றினார்கள். அந்தப் போக்கின் எல்லையைத் தொட்டது ‘ஊனா’ என்ற ஐந்து டன் வகைப் படகு. அதன் நீர்மட்ட நீளம் 34 அடி. அகலமோ ஐந்தரை அடிதான். 1886இல் அயர்லாந்தின் மாலஹைடு கரையோரம் புயலில் அகப்பட்டு, தன்னை வடிவமைத்தவர் உட்பட அனைவரோடும் அது அழிந்தது. புயல் எந்தப் படகையும் கவிழ்க்கும். ஆனால் கடலுக்கு ஏற்றதா என்று எண்ணாமல் கணக்குக்கு ஏற்றதா என்று மட்டும் எண்ணிக் கட்டும் பழக்கத்தை அந்த விதிதான் வளர்த்தது என்பதை மறுக்க முடியாது.

அதே 1886இல் ஏற்கப்பட்ட டிக்சன் கெம்பின் புதிய விதி, அகலத்தை விட்டுவிட்டு வேகத்தின் மெய்யான காரணங்களைப் பிடித்தது: நீர்மட்ட நீளத்தைப் பாயின் பரப்பால் பெருக்கி 6000ஆல் வகுப்பது. நியூயார்க்கில் சீவனாகா கழகமும் ஏறக்குறைய அதே காலத்தில் நீளத்தையும் பாய்ப்பரப்பின் வர்க்கமூலத்தையும் கூட்டிச் சராசரி காணும் விதியைக் கொண்டுவந்தது. இயற்பியலை நெருங்கிய விதிகள் இவை. ஆயினும் இவற்றிலும் ஓட்டை இருந்தது. நீளத்தை, படகு நிமிர்ந்து நிற்கும்போதுதான் அளந்தார்கள். அணியமும் பின்புறமும் நீர்மட்டத்துக்கு மேலே வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டினால், காற்றில் சாய்ந்ததும் அந்தப் பகுதிகள் நீரில் படிந்து, அளவில் வராத நீளத்தைச் சேர்த்துக்கொடுக்கும். நதானியேல் ஹெரெஷாஃப் 1903இல் வடிவமைத்த ‘ரிலையன்ஸ்’ இந்த உத்தியின் உச்சம். நீர்மட்டத்தில் 90 அடிக்கும் சற்றுக் குறைவு; மொத்த நீளம் சுமார் 144 அடி; பாய்ப்பரப்பு 16,000 சதுர அடிக்கு மேல். அமெரிக்கா கோப்பையை எளிதில் காத்துக்கொடுத்த அந்தப் படகு பத்தே ஆண்டில் உடைத்து விற்கப்பட்டது. சீவனாகா விதிக்கு மாற்றாக நியூயார்க் படகுக் கழகம் ஏற்ற யுனிவர்சல் விதியை எழுதியவரும் அதே ஹெரெஷாஃப்தான். படகின் எடையை வகுக்கும் எண்ணாக வைத்து, கனமாகக் கட்டினால் ரேட்டிங் குறையும்படி அவர் செய்தார். ஒரு விதியை எங்கே வளைக்கலாம் என்பது அதில் வென்றவருக்கே நன்றாகத் தெரியும் என்பதால் இது பொருத்தமான ஏற்பாடே. ஐரோப்பாவில் 1906ஆம் ஆண்டு லண்டன் மாநாட்டில் உருவான சர்வதேச விதி 6, 8, 12 மீட்டர் வகைகளைத் தந்தது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. யுனிவர்சல் விதியிலிருந்து 1930களின் ஜே வகைப் படகுகள் வந்தன. சர்வதேச விதியிலிருந்து 1958 முதல் 1987 வரை அமெரிக்கா கோப்பையை அலங்கரித்த 12 மீட்டர் படகுகள் வந்தன. இரண்டுமே பாய்மரக் கலையின் பேரழகுகள். விதி படகை உருவாக்குவதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். ஒரு விதியின் நோக்கமே படகை உருவாக்குவதென்றால் தீங்கில்லை. 12 மீட்டர் விதி அப்படிப்பட்டது: ஒரே ரேட்டிங்குக்குள் அடங்கும்படி எல்லாரும் புதிதாகக் கட்டினார்கள், நேர ஈடே இல்லாமல் ஓடினார்கள். ஏற்கெனவே உள்ள பலவகைப் படகுகளை ஒப்பிடுவதற்காக எழுதிய சூத்திரம், புதுப் படகுக்கு வரைபடமாகிவிடும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அப்போது பழைய படகு வைத்திருப்பவர் ஒவ்வோர் ஆண்டும் பின்தங்குவார். யாருக்காக ஈடு வகுக்கப்பட்டதோ அவரே முதலில் பந்தயத்தைவிட்டு வெளியேறுவார்.

இந்தக் குழப்பத்தைத் தெளிவாகக் காட்டியது 1970 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.ஓ.ஆர். எனும் சர்வதேச நெடுங்கடல் விதி. அதுவரை அமெரிக்காவும் பிரிட்டனும் தனித்தனி விதிகளில் ஓடிய நெடுங்கடல் பந்தயங்களை அது ஒன்றாக்கியது. ஓலின் ஸ்டீபன்ஸ் போன்ற முதல்தர வடிவமைப்பாளர்கள் அதை வகுப்பதில் பங்குகொண்டார்கள். ஆனால் அது படகின் உடலைக் குறிப்பிட்ட புள்ளிகளில் மட்டுமே அளந்தது. அந்தப் புள்ளிகளில் உடலைப் புடைக்கச் செய்தும் ஒடுக்கியும் ரேட்டிங்கைக் குறைத்தார்கள். எளிதில் சாயும் படகுக்கு விதி சலுகை காட்டியதால் உறுதிநிலை குறைந்த படகுகள் பெருகின. 1979 ஆகஸ்டில் பிரிட்டனின் பாஸ்ட்நெட் நெடுங்கடல் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. கடும்புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். பந்தயத்தை முடித்தவை நூறுக்கும் குறைவு. பேரழிவுக்கு முதற்காரணம் புயலே. ஆயினும் பின்னர் நடந்த விசாரணை படகுகளின் உறுதிநிலையையும் ஆராயவேண்டியதாயிற்று. அதற்கு முன்பே அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் எர்விங் பிராட் பெயரிலான ஆய்வுத்திட்டம் வேறு வழியைத் தேடியிருந்தது. உடல் முழுவதையும் அளந்து, ஒவ்வொரு காற்று வேகத்திலும் படகு எத்தனை வேகம் போகும் என்று கணினியால் கணிப்பது அந்த வழி. 1978இல் தொடங்கிய அந்த முறையே ஐ.எம்.எஸ். ஆகி, இன்றைய ஓ.ஆர்.சி. முறையாக வளர்ந்திருக்கிறது. மென்காற்றில் ஒரு படகு சிறக்கும், வன்காற்றில் வேறொன்று சிறக்கும் என்ற உண்மையை ஒரே எண்ணுக்குள் திணிக்காமல் ஏற்றுக்கொண்டது இதன் தனிச்சிறப்பு.

சூத்திரத்தை வளைப்பதைத் தடுக்க இன்னொரு வழியும் வந்தது: சூத்திரத்தை மறைத்துவிடுவது. நெடுங்கடல் பந்தய அமைப்புகளான பிரிட்டனின் ஆர்.ஓ.ஆர்.சி.யும் பிரான்சின் யு.என்.சி.எல்.லும் சேர்ந்து 1984இல் தொடங்கிய சேனல் முறை, பின்னர் ஐ.ஆர்.சி. எனப் பெயர் மாறியது. சிட்னி–ஹோபார்ட் கோப்பை இன்று அதன்படிதான் தீர்மானமாகிறது. படகின் அளவுகளைக் கொடுத்தால் பெருக்கு எண் ஒன்று வரும். அது எப்படி வந்தது என்று சொல்லமாட்டார்கள். தனக்கு விதிக்கப்பட்ட எண்ணின் காரணத்தைப் போட்டியாளர் கேட்கமுடியாதது நீதியா என்ற ஆட்சேபம் கனமானது. வெளிப்படையான சூத்திரங்கள் பழைய படகுகளை எப்படிக் கொன்றன என்பதைப் பார்த்தபின், மறைவை ஒரு காவலாக ஏற்கலாம். ஆனால் அதை இலட்சியமாக ஏற்க முடியாது. வெளிப்படையாகவும் இருந்து, வளைக்கவும் முடியாத முறை ஒன்று இருக்குமானால் அதுவே மேல்.

அப்படி ஒன்று உண்டு. 1947இல் போர்ட்ஸ்மவுத் அருகே லாங்ஸ்டன் கழகத்தில் சில்வுட் மிலெஜ் சூத்திரத்தையே கைவிட்டார். ஒவ்வொரு வகைப் படகும் பந்தயங்களில் எடுத்துக்கொண்ட நேரங்களைத் தொகுத்து, அதிலிருந்தே அந்த வகைக்கு ஓர் எண் கொடுத்தார். 1950களில் ராயல் யாட்டிங் சங்கம் ஏற்ற இந்தப் போர்ட்ஸ்மவுத் அளவுகோலில் கணக்கு எளிது: எடுத்த நேரத்தை 1000ஆல் பெருக்கிப் படகு வகையின் எண்ணால் வகுக்கவேண்டும். லேசர் படகின் எண் சுமார் 1100. சிறுவர் ஓட்டும் ஆப்டிமிஸ்டின் எண் சுமார் 1640. ஒரே தடத்தில் லேசர் 66 நிமிடமும் ஆப்டிமிஸ்ட் 97 நிமிடமும் எடுத்தால், திருத்திய நேரம் லேசருக்குச் சரியாக 60 நிமிடம்; ஆப்டிமிஸ்டுக்கு 59 நிமிடம் 9 வினாடி. அரைமணி நேரம் பின்தங்கிக் கரைசேர்ந்த சிறுமி 51 வினாடி வித்தியாசத்தில் வென்றுவிடுகிறாள். கழகங்கள் ஆண்டுதோறும் அனுப்பும் முடிவுகளைக் கொண்டு எண்கள் திருத்தப்படுகின்றன. இந்த எண்ணை ஏமாற்ற ஒரே வழி மெதுவாக ஓட்டுவதுதான். ஒரு வகைப் படகை ஓட்டும் அத்தனை பேரும் கூடிப்பேசித் தோற்க முன்வந்தால்தான் அது பலிக்கும். திறமைசாலிகளைத் தண்டிக்கும் முறை இது என்பார்கள். அது சரியன்று, எண் மாலுமிக்கு உரியதன்று, படகு வகைக்கு உரியது. கைதேர்ந்தவர்கள் நிறைந்த வகைக்குக் கடினமான எண் வாய்த்துவிடுவது மெய்யான குறையே. அதனால்தான் கழகங்கள் உள்ளூர் அனுபவத்தைக் கொண்டு எண்ணைத் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது. அமெரிக்காவின் பி.எச்.ஆர்.எஃப். முறையும் வட்டாரக் குழுக்களின் அனுபவத்தையே நம்புகிறது. ஆனால் அங்கே ஈடு ஒரு கடல் மைலுக்கு இத்தனை வினாடி என்று தரப்படுவது வழக்கம். காற்று ஓய்ந்து பந்தயம் நீண்டால் தூரக் கணக்கு வேகப் படகுக்கு அனுகூலம். எல்லாரும் அசையாமல் நிற்கநேர்ந்தால், போர்ட்ஸ்மவுத் போல எடுத்த நேரத்தையே எண்ணால் திருத்தும் நேரக் கணக்கு மெதுவான படகுக்கு அனுகூலம். இந்த ஊசலை எந்த முறையும் முழுவதும் நீக்கியதில்லை.

எல்லாரும் ஒரே வகைப் படகில் ஓடினால் இத்தனை கணக்கும் எதற்கு என்ற கேள்வி எஞ்சுகிறது. டப்ளினில் 1887இல் பிறந்த வாட்டர் வாக் வகை அந்த எண்ணத்தைத்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒலிம்பிக் பந்தயங்களும் அதே வழியில் நடக்கின்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியலும் ஒரே வகைப் படகுதான். உச்சநிலைப் போட்டிக்கு அதுவே சிறந்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு படகும் அவற்றில் ஐந்தாறு வகையும் கொண்ட சிறு கழகத்தில் ஒரே வகை வேண்டும் என்றால் பந்தயமே நடக்காது. நேர ஈடு அத்தகைய இடங்களில் விளையாட்டை வாழவைக்கிறது. அதே படகு வகைகள் ஊருக்கு ஊர் ஓடும் இடத்தில் பந்தய அனுபவமே நடுவராகட்டும். அங்கே அதைவிட நேர்மையான சான்று வேறில்லை. தனித்தன்மையுள்ள பெரிய நெடுங்கடல் படகுக்கு ஒப்பிடப் போதிய முடிவுகள் இல்லாததால் அங்கே அளவையும் கணிப்பும் தேவை; அவற்றையும் பந்தய முடிவுகளோடு ஒப்பிட்டு விடாமல் திருத்திவரவேண்டும். ஒருமுறை வகுத்தால் என்றைக்கும் நிற்கும் என்று நம்பிய விதிகள் ஒவ்வொன்றும் தாம் காக்க வந்த படகுகளையே வழக்கொழியச் செய்தன. ஆண்டுதோறும் தம்மைத் திருத்திக்கொண்ட முறைகளே பழைய படகையும் புதிய படகையும் ஒரே புறப்பாட்டுக் கோட்டில் நிற்கவைத்திருக்கின்றன.